கிராமத்தில் கூடி வாழ்வதும் நகரத்தில் கூடி வாழ்வதும்

பட்டிமன்றத்தில் இந்தத் தலைப்பு வந்தால் யார் என்ன பேசுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். கிராமம் என்றால் பாசம், பச்சை வயல், திண்ணைப் பேச்சு. நகரம் என்றால் அவசரம், புகை, பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாத வாழ்க்கை. கைதட்டல் வாங்க இது போதும். ஆனால், ஊரைவிட்டுக் கிளம்பியவர்களில் பலர் ஏன் திரும்பிப் போக விரும்புவதில்லை? நகரத்தில் முப்பது வருடம் குடியிருந்தவர் ஏன் இன்னமும் ஊர்க் கோயிலுக்கு வரி அனுப்பிக்கொண்டிருக்கிறார்? இந்த இரண்டு கேள்விக்கும் பட்டிமன்றத்தில் பதில் கிடைக்காது.

தமிழ்நாட்டை வைத்தே இதைப் பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் 7.21 கோடிப் பேரில் 48.4 சதவீதம் பேர் நகர்ப்புறத்தில் இருந்தார்கள். இந்தியா முழுமைக்கும் அது 31 சதவீதம்தான். கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி என்பதால், இங்கே பல குடும்பங்களுக்கு ஒரு கால் ஊரிலும் ஒரு கால் நகரத்திலும் இருக்கிறது. வித்தியாசத்தைக் கவனிக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

ஒரே ஆளோடு எத்தனை உறவு?

நடுத்தரமான ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். முந்நூறு, நானூறு தலைக்கட்டு, அதாவது ஊருக்கு வரி கொடுக்கும் குடும்பங்கள், இருக்கும். அங்கே மளிகைக் கடை வைத்திருப்பவரிடம் உங்கள் வீட்டுக்குக் கணக்கு நோட்டு இருக்கிறது. அவரே உங்கள் அப்பாவுக்குப் பங்காளி முறை. கோயில் கமிட்டியிலும் இருக்கிறார். அவருடைய வயலுக்குப் போகும் வாய்க்கால் உங்கள் வயலைத் தாண்டித்தான் போகிறது. அவர் மகனும் உங்கள் மகனும் ஒரே வகுப்பு. இந்த மனிதரோடு வாய்க்கால் தகராறு வந்தால், அது வாய்க்காலோடு நிற்காது. கடன் நோட்டுக்கும், கோயில் மரியாதைக்கும், கல்யாணப் பேச்சுக்கும் பரவும். அதனாலேயே இரண்டு பேரும் பலமுறை யோசித்துத்தான் வாயைத் திறப்பார்கள்.

சென்னையிலோ கோவையிலோ இதே வேலைகளுக்கெல்லாம் தனித்தனி ஆள். கடைக்காரர் கடைக்காரர்தான். வீட்டு ஓனர் ஓனர்தான். அலுவலகத்து மேலாளர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. கடைக்காரரோடு சண்டை வந்தால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். வாழ்க்கையின் மற்ற பக்கங்களில் ஒரு கீறலும் விழாது.

கிராமத்து உறவு பல புரிகளை முறுக்கிய கயிறு. நகரத்து உறவு ஒற்றை நூல். எனக்குத் தெரிந்து இரண்டு வாழ்க்கைக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் இது ஒன்றுதான். மனிதர்கள் நல்லவர்களா, சுயநலக்காரர்களா என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். ஊரில் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வதும் ஊர்வாய்க்குப் பயந்து நடப்பதும் ஒரே கயிற்றிலிருந்து வருபவை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொன்றை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

சமூகவியலில் இதைப் பற்றிய பேச்சு பழையது. ஜெர்மானியரான ஃபெர்டினாண்ட் டோனிஸ் 1887-லேயே, பிறப்பாலும் பழக்கத்தாலும் அமையும் கூட்டு வாழ்க்கையையும், தேவைக்காகவும் ஒப்பந்தத்துக்காகவும் சேரும் கூட்டத்தையும் பிரித்துக் காட்டினார். அமெரிக்காவில் லூயிஸ் வர்த் 1938-ல், நகரத்தை நகரமாக்குவது மூன்று விஷயங்கள் என்றார்: மக்கள் தொகையின் அளவு, நெருக்கம், பலவகை மக்கள் கலந்திருப்பது. இந்த மூன்றும் கூடும்போது உறவுகள் மேலோட்டமாகும் என்பது அவருடைய வாதம். பின்னால் வந்தவர்கள் இதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

மொய் நோட்டு சொல்லும் கணக்கு

கிராமத்து உறவு எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரே பொருளில் பார்க்க வேண்டுமென்றால் மொய் நோட்டைத்தான் காட்டுவேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா எதுவானாலும் வாசலில் ஒரு மேசை, இரண்டு பேர், ஒரு நீள நோட்டு. ஊர்ப்பெயர், தந்தை பெயர், ஆள் பெயர், தொகை. மதுரைப் பக்கம் சில இடங்களில் மைக்கில் வாசித்தும் விடுவார்கள். அந்த நோட்டு பத்திரத்தோடு பீரோவுக்குள் போகும். அடுத்து அவர் வீட்டில் விசேஷம் வரும்போது எடுத்துப் பார்த்து, வந்த தொகையைத் திருப்பிச் செய்து, மேலே கொஞ்சம் போடுவார்கள். அந்த மேல்தொகைதான் கணக்கைத் தீராமல் வைத்திருக்கிறது. முழுக்கத் தீர்ந்துவிட்டால் உறவும் தீர்ந்த மாதிரி.

புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் இது இன்னும் ஒரு படி மேலே போய் மொய் விருந்து ஆகிவிட்டது. ஆடி மாதம் வந்தால் வீட்டில் விசேஷமே இல்லாமல் விருந்து வைப்பார்கள். பலர் சேர்ந்து ஒரே பந்தலில் கறிச்சோறு போட்டு, தனித்தனி மேசையில் மொய் வாங்குவார்கள். சிலருக்கு லட்சக்கணக்கில் சேரும். கிணறு வெட்ட, தொழில் தொடங்க, மகளைக் கட்டிக்கொடுக்க என்று வட்டி இல்லாத முதல் கிடைத்துவிடும். அதை அடுத்த சில வருடங்களில் மற்றவர்கள் விருந்தில் திருப்பிச் செய்தாக வேண்டும். செய்யாமல் ஏமாற்றினால் என்ன ஆகும்? கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. அவர் பெயர் சுற்றுவட்டாரம் முழுக்கப் போய்விடும். அடமானம் இல்லாத கடனுக்கு அடமானமாக இருப்பது அந்தப் பெயர்தான்.

நகரத்தில் அதே ஆள் வங்கியில் தனிநபர் கடன் வாங்குவார். வங்கி அவர் சம்பளச் சீட்டைப் பார்க்கும், கடன் மதிப்பெண்ணைப் பார்க்கும், தாத்தா யார் என்று கேட்காது. வட்டி அதிகம், ஆனால் தவணை தவறினால் அது அவருக்கும் வங்கிக்கும் இடையில்தான். அவர் தங்கை கல்யாணத்தில் யாரும் அதைப் பேசமாட்டார்கள். எது நல்லது என்பது, அந்தக் குடும்பத்துக்கு ஊரில் என்ன பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நல்ல பெயரும் நாலு பங்காளியும் உள்ளவருக்கு மொய் வசதி. பெயர் கெட்டவருக்கும், பங்காளிகள் இல்லாமல் வந்து குடியேறியவருக்கும் வங்கிதான் மனிதாபிமானம்.

சாவு வீடு

ஊரில் ஒரு சாவு விழுந்தால் பல இடங்களில் உடலை எடுக்கும்வரை அந்தத் தெருவில் அடுப்பு எரியாது. பந்தல் போட ஒரு கூட்டம், பாடைக்கு மூங்கில் வெட்ட ஒரு கூட்டம், வெளியூருக்குச் சேதி சொல்ல ஒரு கூட்டம் என்று யாரும் சொல்லாமலே பிரிந்துகொள்வார்கள். பங்காளிகளுக்கு ஒரு வேலை, மாமன் மச்சானுக்கு ஒரு வேலை. தாய்வீட்டுக் கோடித் துணி வந்து சேரக் காத்திருப்பார்கள். துட்டி கேட்க வருகிறவர்கள் அடுத்த பத்துப் பதினைந்து நாள் வந்துகொண்டே இருப்பார்கள். துக்கத்தில் இருப்பவர் என்ன செய்வது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. முறை எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும்.

நகரத்தில் அதே வேலைகளுக்கு ஃபோன் நம்பர் இருக்கிறது. ஃப்ரீசர் பெட்டி, அமரர் ஊர்தி, பூ, புரோகிதர், எரிவாயு மயானத்தில் நேரம். மூன்று மணிநேரத்தில் எல்லாம் ஏற்பாடாகிவிடும். அலுவலக நண்பர்கள் வந்து அரைமணி நேரம் நின்றுவிட்டுப் போவார்கள், அதுவும் மனசாரத்தான் வருவார்கள். ஆனால் பதினாறாம் நாள்வரை தினமும் வந்து உட்கார அவர்களுக்கு முறை எதுவும் கிடையாது. (சென்னையின் குப்பங்களிலும் பழைய உழைப்பாளர் குடியிருப்புகளிலும் இது பொருந்தாது. அங்கே சாவு இன்றும் தெரு முழுவதற்கும் சொந்தம்.)

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் பட்டிமன்றப் பேச்சாகிவிடும். கிராமத்துச் சாவு வீட்டில் பறை அடித்தவர் யார், குழி வெட்டியவர் யார், சேதி சொல்ல ஊர் ஊராக நடந்தவர் யார்? காலம் காலமாக அது தலித் குடும்பங்கள் மேல் சுமத்தப்பட்ட வேலை. கூலி கொஞ்சம், மறுக்க உரிமை இல்லை. அவர்கள் வீட்டுச் சாவுக்குச் சுடுகாடு தனி, அதற்குப் போகும் பாதையே பல இடங்களில் தகராறு. எரிவாயு மயானத்தின் முன்பதிவு வரிசையில் இந்தக் கேள்விகள் பெரும்பாலும் எழுவதில்லை. ஒரே நிகழ்ச்சி ஒருவருக்கு ஊரின் அரவணைப்பாகவும் இன்னொருவருக்கு ஊரின் நுகத்தடியாகவும் இருக்க முடியும்.

ஊர் என்றால் யார் யார்?

தமிழ்நாட்டில் பெரும்பாலான கிராமங்கள் ஒரே குடியிருப்பு இல்லை. ஊர் ஒரு பக்கம், தலித் மக்கள் இருக்கும் காலனி ஒரு பக்கம். பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை, பெரிய கோயில் எல்லாம் அநேகமாக ஊர்ப்பக்கம் இருக்கும். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் இந்தப் பிரிவுக்கு ஒரு சுவரே இருந்தது. 2008 மே மாதம்தான் அதில் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் பத்து வருடம் தேர்தலை ஒழுங்காக நடத்தவே முடியவில்லை. 2006-ல்தான் நடந்தது. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பரில், அதாவது நேற்று.

அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவு அரசியல் சட்டத்தை முன்வைத்தபோது, கிராமத்தை நாட்டின் அடிப்படை அலகாக வைக்கவில்லை என்ற குறைக்குப் பதில் சொன்னார். கிராமம் என்பது குறுகிய உள்ளூர்ப் பற்றும் அறியாமையும் மதச்சாதி வெறியும் தேங்கிய இடம் என்பதுதான் அவர் பதிலின் சாரம். காந்தியின் கிராம சுயராஜ்யக் கனவுக்கு நேர் எதிர். பிறகு நடந்த விவாதத்தில் கிராமப் பஞ்சாயத்துகளை அமைப்பது அரசின் வழிகாட்டும் நெறியாக, 40-ஆவது பிரிவாகச் சேர்ந்தது. நல்லவேளையாக இரண்டு பார்வையும் சட்டத்துக்குள் இருக்கின்றன: அலகு தனிமனிதர், ஆனால் பஞ்சாயத்தும் உண்டு.

புதிதாகப் படிப்பவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்வார்கள். ஊர்ப் பஞ்சாயத்து வேறு, ஊராட்சி வேறு. ஊர்ப் பஞ்சாயத்து என்பது நாட்டாண்மை, பெரிய வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து பேசி, தண்டம் போட்டு, தேவைப்பட்டால் ஊரைவிட்டு ஒதுக்கிவைக்கும் வழக்கம். விஷயம் தெரிந்த ஆட்கள் உடனடியாகத் தீர்ப்பு சொல்வார்கள் என்பது அதன் பலம். தீர்ப்பு சொல்பவரே ஒரு தரப்புக்கு மாமனாகவும் இன்னொரு தரப்புக்கு நிலச்சுவான்தாராகவும் இருப்பார் என்பது அதன் கோளாறு. அங்கும் அதே கயிறுதான். இந்த மாதிரிக் கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011-ல், தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கொன்றிலேயே சொல்லிவிட்டது. ஊராட்சி என்பது 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி தேர்ந்தெடுக்கப்படும் அமைப்பு.

அந்த ஊராட்சியில் நகரவாசிக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது: கிராமசபை. ஊரின் ஒவ்வொரு வாக்காளரும் அதில் உறுப்பினர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூட வேண்டும். தலைவரை முகத்துக்கு நேரே கேள்வி கேட்கலாம், கணக்குக் கேட்கலாம், தீர்மானம் போடச் சொல்லலாம். எல்லா ஊரிலும் ஒழுங்காக நடக்கிறதா என்றால் இல்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு முடித்துவிடும் இடங்களும் உண்டு. ஆனாலும் அந்த உரிமை சட்டத்தில் இருக்கிறது. சென்னையில் தெருவிளக்கு எரியாவிட்டால் 1913-க்கு ஃபோன் செய்து புகார் எண் வாங்க வேண்டும். நகரங்களில் பகுதி சபை என்று ஒன்று 2022 நவம்பரில்தான் கூடத் தொடங்கியது. அப்படி ஒன்று இருப்பதே பல நகரவாசிகளுக்குத் தெரியாது.

முகம் தெரியாத இடத்தின் சுதந்திரம்

கிராமத்தில் புது ஆளைப் பார்த்தால் முதல் கேள்வி, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" நகரத்தில், "எங்கே வேலை பார்க்கறீங்க?" முதல் கேள்விக்குப் பதில் பிறக்கும்போதே முடிவாகிவிடுகிறது. இரண்டாவதை மாற்றிக்கொள்ளலாம். ஊரில் சாதிப் பெயரால் அழைக்கப்பட்ட ஒருவர் நகரத்துப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரராக மட்டும் இருக்கிறார். அந்த "மட்டும்" அவருக்குச் சின்ன விஷயமில்லை.

பெண்களுக்கு இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஊரில் சாயந்திரம் தனியாகப் போனால் வழியில் எல்லோரும் "எங்கேம்மா போற?" என்பார்கள். அது பாதுகாப்புதான். ஆனால் அந்தப் பதில் இரவுக்குள் வீட்டுக்கு வந்துவிடும், கூடவே யாரோடு பேசினாள் என்பதும். நகரத்து ஹாஸ்டலில் இருக்கும் பெண்ணை யாரும் கேட்கமாட்டார்கள். இரவு பதினோரு மணிக்கு ஆபத்து வந்தாலும் கேட்க ஆள் இருக்குமா என்பது வேறு விஷயம்.

ஆனால் நகரம் சாதியைக் கரைத்துவிடுகிறது என்று யாராவது சொன்னால், வாடகைக்கு வீடு தேடிப் பார்க்கச் சொல்லலாம். "வெஜிடேரியன் மட்டும்" என்ற பலகைக்குப் பின்னால் என்ன கேள்வி இருக்கிறது என்பது தேடியவர்களுக்குத் தெரியும். சிலர் பலகை எல்லாம் வைக்காமல் நேராகவே கேட்டுவிடுவார்கள். சாதி மாறிக் காதலித்துத் திருமணம் செய்தவர்கள் நகரத்துக்கு ஓடி வருவது முகம் தெரியாத கூட்டத்துக்குள் மறையத்தான். அந்த மறைவும் எப்போதும் காப்பாற்றுவதில்லை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஆயிரம் பேர் நடமாடும் கடைவீதியில், பட்டப்பகலில் ஆணவக்கொலை நடந்தது.

கிராமத்தின் அமைப்பையே மாற்றிப் பார்க்க அரசு செய்த முயற்சி ஒன்றையும் சொல்ல வேண்டும். 1997-ல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரம் திட்டத்தில் ஓர் இடத்தில் 100 வீடுகள்: ஆதிதிராவிடர்களுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. யார் பக்கத்தில் யார் என்பதைப் பிறப்பு முடிவு செய்யாத ஒரு தெரு. நகரத்தில் ஹவுசிங் போர்டு குலுக்கலில் தற்செயலாக நடப்பதைக் கிராமத்தில் திட்டம் போட்டுச் செய்தார்கள் என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

ஒற்றை நூலுக்கும் வலு உண்டு

நகரத்து உறவு மெலிது என்றேன். மெலிது என்றால் பயனற்றது என்று அர்த்தமில்லை. மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-ல் ஒரு விஷயத்தைக் கவனப்படுத்தினார்: புது வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது பார்க்கும் அறிமுகங்கள் மூலமாகத்தான் அதிகம் வருகிறது. யோசித்தால் நியாயமாகப் படும். நம் நெருங்கிய வட்டத்துக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்ததே. புதுச் சேதி வெளியிலிருந்துதான் வர வேண்டும். நகரத்தில் ஒரே நாளில் நீங்கள் சந்திக்கும் அரைகுறை அறிமுகங்கள், ஊரில் ஒரு வருடத்தில் சந்திப்பதைவிட அதிகமாக இருக்கலாம்.

நெருக்கடி வரும்போது அந்த நூல்கள் சட்டென்று சேர்ந்துகொள்வதும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை அதைப் பார்த்தது. முன்பின் தெரியாதவர்கள் வீட்டைத் திறந்துவிட்டார்கள், மீனவர்கள் படகுகளோடு வந்து மக்களை மீட்டார்கள், கல்யாண மண்டபங்களில் சமையல் நடந்தது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த நாட்களில், தெருவுக்குத் தெரு குடம் வைக்கும் வரிசைக்கு விதிகள் உருவாகின. வீட்டுக்கு எத்தனை குடம், ஆள் இல்லாவிட்டால் யார் பிடித்து வைப்பது எல்லாம் பேசி முடிவானது. வெள்ளம் வடிந்ததும், தண்ணீர் வந்ததும் அந்தக் கூட்டு கலைந்துவிட்டது. கிராமத்தில் கண்மாய் மடை திறக்க முறை வைப்பது கலைவதில்லை. அடுத்த வருடமும் அதே கண்மாய், அதே ஆட்கள்.

கண்மாய் என்றதும் ஒன்று. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கோடையில் தண்ணீர் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று துண்டை வீசியதும் ஊத்தா, வலை, சேலை எது கையில் இருக்கிறதோ அதோடு ஜனம் மொத்தமாக இறங்கும். வெளியூர்க்காரர்களும் இறங்கலாம், காசு கிடையாது. அன்று சுற்றுவட்டாரம் முழுக்க மீன் குழம்பு வாசனைதான். பொதுச்சொத்து என்றால் என்னவென்று குழந்தைகளுக்கு விளக்க இதைவிட ருசியான வழி எனக்குத் தெரியவில்லை.

நகரத்தின் பொதுச்சொத்து அப்பார்ட்மெண்டில் இருக்கிறது: லிஃப்ட், போர்வெல், மொட்டை மாடி, கார் நிறுத்துமிடம். அதை நிர்வகிக்க அசோசியேஷன், அதற்கு மெயின்டனன்ஸ், வருடக் கூட்டம், வாட்ஸாப் குழு. காலையில் வணக்கம், மதியம் தண்ணீர் மோட்டார் சண்டை. பார்க்கப் புதிதாகத் தெரிந்தாலும் இதற்கும் ஊர்க் கமிட்டிக்கும் ஒற்றுமை அதிகம். ஊரில் வரி தலைக்கட்டுக்கு. கல்யாணமான ஆண்தான் தலைக்கட்டு. கைம்பெண் மட்டும் இருக்கும் வீட்டுக்குச் சில ஊர்களில் பாதி வரி, சில ஊர்களில் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வரி இல்லாதவருக்குக் கூட்டத்தில் பேச்சும் இல்லை. அப்பார்ட்மெண்டில் ஓட்டு வீட்டு உரிமையாளருக்கு. பத்து வருடமாக அங்கேயே குடியிருந்து மெயின்டனன்ஸ் கட்டும் வாடகைக்காரருக்கு அநேகமாகக் கிடையாது. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்ற கேள்வி இரண்டு இடத்திலும் இருக்கிறது. அளவுகோல்தான் வேறு.

நகரத்துக்குள் இருக்கும் கிராமங்கள்

லூயிஸ் வர்த்தை எல்லோரும் ஏற்கவில்லை என்று சொன்னேன். ஹெர்பர்ட் கான்ஸ் 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில், வெஸ்ட் எண்ட் என்ற பகுதியில் குடியிருந்து பார்த்தார். நகரத்தின் நடுவில், இத்தாலியிலிருந்து வந்த குடும்பங்கள் சொந்தமும் அண்டை வீடுமாகக் கிராமம்போலவே வாழ்ந்துகொண்டிருந்தன. அரசு அதைச் சேரி என்று முத்திரை குத்தி இடித்துத் தள்ளியது.

நம் ஊரில் இதற்கு எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதே இல்லை. தியாகராய நகர் துணிக்கடைகளிலும் பாத்திரக்கடைகளிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளில் நிறையப் பேர் தென் மாவட்டத்துக்காரர்கள், ஊர்க்காரர் சொல்லி வந்தவர்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் ஓர் ஊரிலிருந்து ஒருவர் வந்தால் பின்னாலேயே நாலு பேர் வருவார்கள். அண்ணாச்சி கடை என்றாலே எந்தப் பக்கத்து அண்ணாச்சி என்று தெரியும். விருதுநகர் நாடார்கள் வியாபாரத்தில் பொதுக் காரியத்துக்கென்று எடுத்துவைத்த மகமையையும், வீட்டுக்கு வீடு பிடி அரிசியையும் சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். 1889-ல் தொடங்கிய அந்த க்ஷத்திரிய வித்தியாசாலையில்தான் காமராஜர் படித்தார். கடைவீதியில் வாழ்ந்தும் கிராமத்து முறையில் கூடிய கூட்டம் அது.

இதைப் புரிந்துகொள்ளாமல் திட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையின் கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் சாட்சி. கண்ணகி நகரில் 2000 முதல், கூவம், அடையாறு கரைகளிலும் சாலையோரங்களிலும் இருந்த குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். கான்கிரீட் வீடு கிடைத்தது. ஆனால் வேலைக்குப் போகும்போது குழந்தையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா வேறு பிளாக்கில், வேறு மாடியில். வீட்டு வேலை செய்த தெருக்கள் இருபது கிலோமீட்டருக்கு அப்பால். அவசரத்துக்குக் கைமாற்றாக ஐந்நூறு தரும் ஆள் எங்கே போனார் என்று தெரியாது. அதிகாரிகள் எண்ணியது வீடுகளை. நகரத்து ஏழைக்குப் பல புரிக் கயிறு ஊரில் இருப்பவருக்குத் தேவைப்படுவதைவிடவும் அதிகமாகத் தேவைப்படுகிறது என்பது யார் கணக்கிலும் வரவில்லை.

மறுபக்கம், கிராமமும் அப்படியே உட்கார்ந்திருக்கவில்லை. காலையில் கம்பெனி வேன் வந்து பெண்களை மில்லுக்கும் ஃபேக்டரிக்கும் ஏற்றிப்போகிறது. நடவுக்கு இயந்திரம் வந்துவிட்டது. முறை வைத்து ஒருவர் வயலில் ஒருவர் வேலை செய்யும் வழக்கம் போய்க்கொண்டிருக்கிறது. சாவுக்கு ஃப்ரீசர் பெட்டி ஊருக்கும் வருகிறது. மொய் மேசையில் கியூஆர் கோடு ஒட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள் கூடிவிட்டன. வசதி உள்ளவர்கள் கோவைப் பக்கம் முதியோருக்கென்றே கட்டிய குடியிருப்புகளில் வீடு வாங்கிப் போகிறார்கள். அங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் புதியவர்கள், எழுபது வயதில் அறிமுகம்.

சரி, எது கிராமம் என்று யார் முடிவு செய்வது?

கணக்கெடுப்புக்கு ஒரு வரையறை இருக்கிறது. நகராட்சி, மாநகராட்சி, பேரூராட்சி என்று அரசு அறிவித்தவை எல்லாம் நகர்ப்புறம். அப்படி அறிவிக்கப்படாத இடம் என்றால் மூன்று நிபந்தனை: குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர், வேலை செய்யும் ஆண்களில் குறைந்தது 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத தொழிலில். மூன்றும் இருந்தால், ஊராட்சியின் கீழ் இருந்தாலும் கணக்கெடுப்பில் அது நகரம். யார் யாருக்கு மொய் செய்கிறார்கள் என்று அதில் கேட்பதில்லை.

அதனால் தமிழ்நாட்டுப் பேரூராட்சிகள் பலவற்றில் நாலு பக்கமும் வயல், நடுவில் தேர்முட்டி, ஆனால் காகிதத்தில் நகரம். 2004-ல் 500-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகளை, கிராமங்களுக்கான நிதி கிடைக்கட்டும் என்று, சிறப்புக் கிராம ஊராட்சிகளாக அரசு மாற்றியது. 2006-ல் ஆட்சி மாறியதும் திரும்பப் பேரூராட்சி ஆக்கியது. இரண்டு வருடத்தில் லட்சக்கணக்கான மக்கள் வீட்டைவிட்டு நகராமலேயே கிராமத்துக்குப் போய்த் திரும்பி வந்தார்கள்.

2025 தொடக்கத்தில் நகரங்களை ஒட்டிய பல ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்பு வந்தபோது, பல ஊர்களில் மக்கள் மறியல் செய்தார்கள், மனு கொடுத்தார்கள். பாசம் குறைந்துவிடும் என்று அந்த மனுக்கள் கவலைப்படவில்லை. நூறு நாள் வேலை நகர்ப்புறத்துக்குப் பொருந்தாது, சொத்து வரியும் தண்ணீர் வரியும் ஏறும் என்பதுதான் எதிர்ப்புக்குச் சொன்ன காரணம். அதோடு சேர்ந்து போகும் இன்னொன்று கிராமசபை. தலைவரை மரத்தடியில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டவர், இணைப்புக்குப் பிறகு பல ஆயிரம் பேருக்கு ஒருவராக இருக்கும் கவுன்சிலரைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.